சவரிமுத்து ஏன் கண்ணடித்தான்?

போன திங்கட்கிழமை காலை. எங்கள் மோட்டார் லோஞ்ச் நெடுந்தீவு மாவிலித்துறையை நெருங்குகிறது. எஞ்சின் சத்தம் தணிகிறது. உடனே லோஞ்சில் இருந்த அத்தனை சனமும் — சந்தைக்குப் போய் வந்த பெண்கள், வெள்ளை அங்கி போட்ட சுவாமியார், ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்த கிழவர் — எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"சவரி, எத்தனை?"

முன்பக்கத்தில் கயிற்றோடு நின்ற சவரிமுத்து பதில் சொன்னான்.

என்ன பதில்? இப்போது சொல்லமாட்டேன். அவசரப்படாதீர்கள். கேட்டது மீன் கணக்குமில்லை, பிள்ளைகள் கணக்குமில்லை. அந்தக் கேள்வியின் கதை தெரியாமல் பதிலைக் கேட்டால் உங்களுக்கு அது வெறும் எண். எங்களுக்கு அது ஒரு மனிதனின் கண்.

இந்தப் பத்திரிகைப் பத்தியில் என்னைத் தெரியாத வாசகர்கள் இன்னும் இருக்கிறார்களா? இருந்தால் அவர்களுக்காகச் சுருக்கமாக: ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டேன். (பள்ளிக்கூடம்தான் என்னைக் கைவிட்டது என்று சொல்கிறவர்களும் ஊரில் உண்டு. சொல்லட்டும்.) ஊர்காவற்றுறையில் கூலிக்குக் கயிறு பிடித்தேன். எஞ்சினைக் கழற்றிப் பூட்டப் பழகினேன். இன்றைக்குக் குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் ஓடுகிற லோஞ்சுகளில் இரண்டு என்னுடையவை. எஞ்சின் இருமுகிற இருமலைக் கேட்டே நோய் என்ன என்று சொல்லுவேன். பெருமைதான். உழைத்த பெருமை, ஏன் ஒளிக்க வேண்டும்?

சவரிமுத்து அப்போது அதில் ஒரு லோஞ்சின் ஓட்டி. நெடுந்தீவுக்காரன். மீசை அரும்புகிற வயதில் என்னிடம் வந்தவன். இப்போது நாற்பதை எட்டிப் பார்க்கிறான். அந்தக் கடலை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் உண்டென்றால் அது அவன்தான். நான் இதை யாருக்கும் இலேசில் சொல்வதில்லை.

ஒருநாள் குறிகட்டுவான் தேத்தண்ணிக் கடையில் இருக்கிறேன். சிவபாக்கியம் ரீச்சர் குடையோடு வந்து முன்னால் நின்றார். நாரந்தனை ஆள். நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார் — திங்கள் போய் வெள்ளி திரும்புவார். ஐம்பதைத் தாண்டியவர். வகுப்பில் அவர் தொண்டையைச் செருமினாலே பிள்ளைகள் எழும்பி நிற்கும்.

"அண்ணை, ஒரு விசயம் கதைக்கவேணும்."

"சொல்லுங்கோ ரீச்சர்."

"உங்கட ஓட்டி சரியில்லை."

"ஏன், பிந்துறானோ?"

"பிந்தினாலும் பரவாயில்லை. கண்ணடிக்கிறான்."

எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது.

"ஆருக்கு?"

"எனக்கு!"

"ரீச்சர்... நீங்கள் பிழையா விளங்கியிருப்பியள்."

"நானோ? பிள்ளையளின்ர முழியைப் பாத்தே களவு பிடிக்கிறனான் நான்! முதல்லை இமை வெட்டாமல் முறைக்கிறான். பேந்து நாடியை நிமித்திறான், பெரிய ராசா மாதிரி. துறை கிட்ட வரேக்கை ஒரு கண்ணைப் பொத்துறான். ஒரு நாள் ரெண்டு நாளில்லை அண்ணை, ஒவ்வொரு திங்களும்!"

எங்கள் லோஞ்சின் அமைப்பை இங்கே சொல்ல வேண்டும். ஓட்டி பின்பக்கத்தில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு முன்னே பார்த்தபடி நிற்பான். பெண்கள் இருக்கிற வாங்குப் பலகை அவனுக்கு நேர் எதிரே. அவன் கடலைப் பார்த்தாலும் அவர்களைப் பார்ப்பதுபோலத்தான் இருக்கும்.

விசாரித்தேன். ரீச்சர் மட்டுமல்ல, இன்னும் பலர் இதே முறைப்பாடு. சிலர் வேறு கதையும் சொன்னார்கள். கண் எப்போதும் சிவப்பு, கை நடுக்கம், வேர்வை, ஆள் மெலிந்துபோனான், தொட்டதற்கெல்லாம் கோபம் — "உது வேறை என்ன அண்ணை, தண்ணிதான்."

எங்கள் சனத்தை நினைத்துப் பாருங்கள். இமை வெட்டாவிட்டால் முறைக்கிறான். ஒரு கண்ணை மூடினால் சேட்டை. நாடியை நிமிர்த்தினால் திமிர். கண் சிவந்தால் குடி. கை நடுங்கினால் பெருங்குடி. தேத்தண்ணிக் கடையில் நாலு பேர் கூடிவிட்டால் டாக்குத்தரும் வேண்டாம், நீதவானும் வேண்டாம்... தீர்ப்பு தேத்தண்ணி ஆறுமுன்னரே வந்துவிடும்!

சவரி வேறு சும்மா இருந்தானா? காற்றுக் கண்ணில் குத்துகிறது என்று ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டான். சரி, முடிந்தது கதை. "இப்ப ஆரைப் பாக்கிறான் எண்டும் தெரியேல்லை" என்றார்கள் பெண்கள். இந்தச் சண்டைக் காலத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டவனைத் துறையில் காவல் நிற்கிறவர்கள் சும்மா விடுவார்களா? யார், எவர் என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். கண்ணாடியைக் கழற்றிக் கடலில் எறிந்துவிட்டான்.

கடைசியில் ரீச்சரின் தம்பி நாரந்தனையிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். சட்டைக்கை மடித்திருந்தது.

"அவன்ர கண்ணைத் தோண்டிப் போட்டுத்தான் போவன்" என்றார்.

"பொறும் காணும். முதல் நான் ஒருக்கால் பாக்கிறன்" என்று தடுத்துவிட்டு நானே லோஞ்சில் ஏறினேன்.

ஏறியதும் செய்த முதல் வேலை —

"சவரி, வாயை ஊது."

"என்னண்ணை?"

"ஊதடா!"

ஊதினான். சுருட்டு மணம். அது மட்டும்தான். கள்ளுமில்லை, சாராயமுமில்லை. இந்த மூக்கு பிழை விடாது.

பிறகு பெண்களின் வாங்கில் போய் இருந்தேன். அவர்கள் சிரித்தார்கள். இருக்கட்டும். எதிரே சவரியைப் பார்த்தேன். நாள்தோறும் காண்கிற முகம்... ஆனால் அன்றைக்குத்தான் வடிவாகப் பார்த்தேன். கண் இரண்டும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றன. கறுப்பு விழிக்கு மேலேயும் வெள்ளை தெரிந்தது. இமைகள் வீங்கி, கண்ணீர் தானாக வழிந்தது. அவன் முறைக்கவில்லை ஐயா. அவனுக்கு இமை இறங்கவில்லை!

நெடுந்தீவுத் துறைக்கு முன்னால் இரண்டு அடையாளக் கம்புகள் நடப்பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவால் போனால் ஆழம். விலகினால் கல். கம்பு தெரிகிற தூரம் வந்ததும் சவரி நாடியை நிமிர்த்தினான். அப்புறம் —

கண்ணடித்தான். என்னைப் பார்த்து!

நான் யார்? அறுபது தாண்டியவன். வேட்டி. முறுக்கு மீசை. என்னைப் பார்த்து எவன் கண்ணடிப்பான்? அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. எழும்பி அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"சவரி, அந்தக் கம்பு எத்தனை?"

"ரெண்டு."

"மற்றக் கண்ணையும் திற. இப்ப?"

திறந்தான். கை சுக்கானில் நடுங்கியது.

"கேட்டது விளங்கேல்லையோ?"

"நாலு, அண்ணை."

"நாலோ!"

"ஒண்டு நேராய் நிக்குது. மற்றது அதின்ர தோளிலை சரிஞ்சு ஏறி நிக்குது. எல்லாம் அப்பிடித்தான்... வள்ளமும் ரெண்டு, ஆக்களும் ரெண்டு. நாடியை நிமித்தினாக் கொஞ்சம் கிட்ட வரும். ஒரு கண்ணைப் பொத்தினா ஒண்டாகும்."

"எவ்வளவு நாளா?"

"மாரிக்கு முந்தியே துவங்கீற்றுது."

"ஏனடா சொல்லேல்லை?"

"சொன்னாச் சுக்கானை வாங்கிப் போடுவியள்."

"வாங்காமல்?"

"அதுதான் சொல்லேல்லை."

இத்தனை மாதமாக இந்த மனிதன் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு அந்தக் கம்புகளுக்கு நடுவால் எங்கள் எல்லோரையும் கரை சேர்த்திருக்கிறான். நாங்கள் அதற்குச் சேட்டை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அந்த இடத்திலேயே சுக்கானை வாங்கினேன். வேறு வழியில்லை, லோஞ்ச் நிறையச் சனம். அவன் தந்தான். தந்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணீர் நோயால் வந்ததா, வேறெதனாலா... நான் கேட்கவில்லை.

அவன் மனைவி பிலோமினாவையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போனோம். அதுவரைக்கும் பிலோமினா நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து கண்ணில் விட்டிருக்கிறாள். கோயிலுக்கு மெழுகுதிரி நேர்ந்திருக்கிறாள். அன்பான பெண். அவளால் முடிந்தது அதுதான்.

டாக்குத்தர் இளம் ஆள். சவரியின் கண்ணைப் பார்த்தார். உடனே கழுத்தைத் தடவினார்.

"ஐயா, வருத்தம் கண்ணிலை" என்றேன்.

"தெரியும் பெரியவர். எச்சில் விழுங்கும் பாப்பம்" என்றார் சவரியிடம். பிறகு பிலோமினாவிடம், "சாப்பாடு எப்பிடி?"

"சட்டி வழிச்சுச் சாப்பிடுறார் ஐயா. ஒண்டும் உடம்பிலை ஒட்டேல்லை."

"வெக்கை தாங்குவாரோ?"

"மார்கழிப் பனியிலையும் முற்றத்திலைதான் படுக்கை."

"கோவம்?"

"கோழி கூவினாலும் கோழியோடை சண்டை."

"நித்திரை?"

பிலோமினா கொஞ்சம் தயங்கினாள். "கண்ணைத் திறந்துகொண்டு படுக்கிறார் ஐயா. இமை முட்டேல்லை. நான் ஈரச்சீலை போட்டு மூடிவிடுறனான். முதல்நாள் கண்டு பயந்திட்டன்... ஆள் இருக்கிறாரோ எண்டு மூக்கிலை கை வைச்சுப் பாத்தன்."

டாக்குத்தர் விளக்கினார். கழுத்தில் வண்ணாத்திப்பூச்சிபோல ஒரு சுரப்பி இருக்கிறதாம். பெயர் தைரொயிட். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே ஆள் மாறி அந்தச் சுரப்பியைத் தூண்டிவிடுகிறதாம். சுரப்பி மட்டுமீறி வேலை செய்யும். அதனால்தான் நடுக்கம், வேர்வை, மெலிவு, கோபம். சிலருக்கு அதே சக்தி கண்ணுக்குப் பின்னால் உள்ள தசையையும் தாக்கும். தசை வீங்கினால் கண் வெளியே தள்ளும். தசை இறுகினால் ஒரு கண் ஒரு பக்கம், மற்றக் கண் வேறு பக்கம். அதுதான் நாலு கம்பு.

எனக்கு உடனே விளங்கியது. எஞ்சின் கூட்டின வேகத்தில் இறுகிப்போனது. சுக்கான் கயிறும் உப்பேறி மரத்துப் போனது. அப்படித்தானே என்று கேட்டேன். டாக்குத்தர் சிரித்துவிட்டு, "கிட்டத்தட்ட அப்பிடித்தான்" என்றார். பாருங்கள், ஐந்தாம் வகுப்பு!

"குளிசையாலை சுரப்பியை அடக்கலாம். கண் அதின்ர பாட்டுக்குத்தான் வரும். ஒரு வரியம் போகலாம், மேலையும் போகலாம். பழையபடி முழுக்க உள்ளுக்குப் போகாமலும் விடலாம்" என்றார். ஒரு கண்ணுக்கு மறைப்பு, இரவில் களிம்பு, தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும். "சுருட்டுப் பத்துறவரோ? இண்டையோடை விடவேணும். புகை இந்தக் கண்ணுக்கு நஞ்சு." கடைசியாக ஒன்று சொன்னார்: "நிறம் மங்கினா — முக்கியமாச் சிவப்பு — ஒரு நாளும் பிந்தாமல் வரவேணும். வீங்கின தசை கண் நரம்பை நெரிக்குது எண்டு அர்த்தம். விட்டாப் பார்வை போயிடும்."

சோதிக்க எடுத்த இரத்தம் கொழும்புக்குப் போய், முடிவு திரும்பி வந்தது. ஆட்களே போய்வரப் பயப்படுகிற பாதையில் சவரியின் இரத்தம் பத்திரமாகப் போய்வந்தது! டாக்குத்தர் சொன்ன நோயேதான்.

சவரி ஒரு கண்ணில் கறுப்புத் துணியோடு ஊருக்கு வந்தான். இனியாவது ஊர் வாயை மூடும் என்றா நினைக்கிறீர்கள்? "கண்டியளோ, ரீச்சற்ற தம்பி வெளுத்துப் போட்டார்!" என்றார்கள். தம்பி நல்லவர்தான். ஆனாலும் அவர் அதை அவ்வளவு பலமாக மறுக்கவில்லை என்று கேள்வி.

பிறகு கச்சான் காற்றுக் காலம் வந்தது. கடல் பொங்குகிற மாதம். ஒரு வெள்ளிக்கிழமை நான் நெடுந்தீவில் நின்றேன். மத்தியானம் பிலோமினா தலைமுடியும் கட்டாமல் துறைக்கு ஓடிவந்தாள், சவரியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு.

"அண்ணை! முற்றத்துச் செவ்வரத்தம்பூவைக் காட்டி, ஏனப்பா இது காஞ்சுபோச்சுது எண்டு கேக்கிறார். காலமை மலர்ந்த பூ அண்ணை! ரத்தச் சிவப்பு!"

சவரி மெல்லச் சொன்னான். "செங்கல் நிறமாத்தான் தெரியுது. நேற்று இப்பிடி இல்லை."

புதிய ஓட்டி கடலைப் பார்த்தான். "இந்தக் காத்துக்கு ஏலாது அண்ணை. நான் வரமாட்டன்." அவனில் பிழையில்லை. அன்று துறையில் ஒரு வள்ளமும் கயிறு அவிழ்க்கவில்லை.

சுக்கானை நான் பிடித்தேன். வேறு யார் பிடிப்பது?

கயிற்றை அவிழ்க்கிற நேரம் சிவபாக்கியம் ரீச்சர் குடையோடு வந்து ஏறினார்.

"ரீச்சர், இண்டைக்கு வராதேங்கோ. கடல் சரியில்லை."

"தெரியுது. அந்தப் பிள்ளை தனியப் புருசனையும் பிடிச்சு, லோஞ்சையும் பிடிக்கவோ? எடுங்கோ அண்ணை."

வழி முழுக்க உப்புத்தண்ணீர் அள்ளி அடித்தது. இமை மூடாத கண்ணில் அது பட்டால் என்ன பாடு என்று யோசியுங்கள். பிலோமினா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ரீச்சர் குடையை விரித்துக் காற்றுக்கு எதிரே பிடித்தார். காற்று குடையை மறுபக்கம் புரட்டியது. கம்பிகள் முறிந்தன. எறிந்துவிட்டுத் தன் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்... கரை வருமட்டும்.

சவரி மட்டும் சும்மா இருக்கவில்லை. மடியில் கிடந்தபடியே எனக்குப் புத்தி சொன்னான்.

"அண்ணை, வலத்தை வாங்குங்கோ. அலை பக்கத்தாலை அடிக்குது."

"பொத்தடா வாயை. நீ பிறக்க முந்தியே நான் இந்தக் கடலிலை..."

"ஓம். எண்டாலும் வலத்தை."

வலத்தே வாங்கினேன். அலை அடிப்பது நின்றது. இதை நான் அவனிடம் இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அன்றைக்கு எங்கள் அதிர்ஷ்டம், பாதை திறந்திருந்தது. காரில் அல்லைப்பிட்டி தாண்டி, பண்ணைப் பாலம் தாண்டி, பொழுதுபட முன்னர் யாழ்ப்பாண ஆஸ்பத்திரி வாட்டில் படுத்துவிட்டான். வீக்கத்தை வற்றச் செய்கிற பலமான மருந்து கொடுத்தார்கள். நாங்கள் வெளியே வாங்கில் இருந்தோம். ரீச்சர் ஈரச் சேலையோடு, செபமாலை உருட்டிய பிலோமினாவின் பக்கத்தில் இருந்து தேவாரம் முணுமுணுத்தார். அவரவர் பாஷையில் அவரவர் கேட்டார்கள்.

சில நாள் கழித்துப் பிலோமினா ஒரு செவ்வரத்தம்பூவை எங்கிருந்தோ பிடுங்கிக்கொண்டு வந்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"என்ன நிறம்?"

சவரி நெடுநேரம் பார்த்தான். "உன்ர கலியாணக் கூறை நிறம்" என்றான்.

அவள் அழுதாள். ரீச்சர் மறுபக்கம் திரும்பித் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நான்... எனக்குத் தடிமன், மூக்கடைப்பு.

பார்வை தப்பியது. இரட்டை மட்டும் போகவில்லை. அவனை முன்பக்கக் கயிற்றுக்குப் போட்டேன். ஓட்டியாய் இருந்தவனுக்கு அது இறக்கம்தான். முதல் கிழமை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊர்க்கதையும் ஓயவில்லை.

அதை ஓய வைத்தவர் ரீச்சர். ஒரு திங்கட்கிழமை மாவிலித்துறை கிட்ட வரும்போது வாங்கிலிருந்து எழும்பி, வகுப்பில் கேட்கிற அதே குரலில், லோஞ்ச் முழுக்கக் கேட்க, "சவரிமுத்து! எத்தனை கம்பு?" என்றார்.

சவரி திடுக்கிட்டான். கறுப்புத் துணியைத் தூக்கிப் பார்த்தான். "நாலு ரீச்சர்."

"எல்லாரும் கேட்டியளோ? அந்தாளுக்கு உள்ளது இரட்டைப் பார்வை. எங்களைக் கல்லிலை ஏத்தாமல் கொண்டுபோகத்தான் ஒரு கண்ணைப் பொத்தினவர். இனி ஆரும் வேறை கதை கதைச்சா என்னட்டை வரட்டும்."

ஒருவரும் போகவில்லை. யார் போவார்?

அன்றுமுதல் ஒவ்வொரு திங்களும் இதுதான். முதலில் ரீச்சர் மட்டும் கேட்டார். பிறகு வாங்கு முழுக்கக் கேட்டது. "சவரி, எத்தனை?" — "நாலு." ஒருநாள் "மூண்டரை" என்று அவனே பகிடி விட்டான். கோழியோடு சண்டை பிடித்தவன்! குளிசை வேலை செய்கிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு மனிதனின் முகத்தில் ஏதாவது மாறினால் எங்களுக்கு உடனே ஒரு கதை தயார். அவனிடம் ஒரு கேள்வி கேட்க மட்டும் மாதக்கணக்காகிறது. உங்கள் ஊரிலும் கண் பிதுங்கின ஒருவர் இருப்பார்; முறைக்கிறாள் என்று சொல்லப்படுகிற ஒரு பெண் இருப்பாள். கழுத்தைக் காட்டச் சொல்லி ஒரு டாக்குத்தரிடம் அனுப்புங்கள். சுருட்டுப் பிடிக்கிறவராயின் பறித்து எறியுங்கள். இந்த வாயில் இளமை தொட்டுக் கிடந்த சுருட்டை, சவரிக்கு மணக்கக்கூடாது என்று நானே லோஞ்சில் நிறுத்திவிட்டேன். நானே!

சரி, போன திங்கட்கிழமைக்கு வருவோம்.

"சவரி, எத்தனை?"

சவரி துணியைத் தூக்கினான். பார்த்தான். கண்ணைக் கசக்கப் போன கையைத் தானே நிறுத்திக்கொண்டான். மறுபடி பார்த்தான். நாடி நிமிரவில்லை. நேராகவே பார்த்தான்.

"ரெண்டு."

ஆட்டுக்குட்டிகூடச் சத்தம் போடவில்லை.

"வடிவாப் பார்" என்றேன். அன்று சுக்கான் என் கையில்.

"ரெண்டுதான் அண்ணை... ரெண்டே ரெண்டு."

கண் இன்னும் கொஞ்சம் முன்னுக்குத்தான் நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் இன்னும் இரட்டைதான். டாக்குத்தர் பார்த்துச் சொல்லாமல் சுக்கான் கொடுக்க மாட்டேன்; அதில் நான் கறார். ஆனாலும்... "இஞ்சை வா. இதிலை கை வை. நானும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்" என்றேன்.

வந்தான். வைத்தான். கை நடுங்கவில்லை. லோஞ்ச் இரண்டு கம்புக்கும் நடுவால், நூல் பிடித்தாற்போலப் போனது. சவரி இரண்டு கண்ணையும் அகலத் திறந்தபடி நின்றான். எதிர் வாங்கில் சிவபாக்கியம் ரீச்சர், புதுக் குடையை மடியில் வைத்துக்கொண்டு, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கண்ணடித்தது சவரி இல்லை.